இறுக்கமான உடை யாருக்கு?

குன்றத்தூரிலிருந்து பல்லாவரம் போகும் சாலையோரம் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. அங்கே சித்தாள் வேலை பார்க்கும் பெண்களைக் கவனித்திருப்பீர்கள். கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிய சேலை, அதன்மேல் வீட்டு ஆணின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் சும்மாடு. அந்தச் சட்டையை வறுமை என்றோ மானத்தை மறைப்பது என்றோதான் எழுதிவந்திருக்கிறோம். மிக்சர் மெஷின் சுழலும்போது பக்கத்தில் நின்று ஜல்லி கொட்டுகிறவருக்கு, முந்தானை பறந்தால் என்ன ஆகும் என்று தெரியும். சட்டை அதை அடக்கி வைக்கிறது. அது அவரே கண்டுபிடித்து, அவரே வீட்டிலிருந்து கொண்டுவந்த பாதுகாப்புக் கருவி.

2025 வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஓடுகிற இயந்திரத்தைச் சோதிக்கவோ எண்ணெய் போடவோ வேண்டியிருந்தால், தனிப்பயிற்சி பெற்ற வயதுவந்த ஆண் தொழிலாளிதான் செய்யவேண்டியிருந்தது. அவர் இறுக்கமான உடை அணிந்திருக்கவேண்டியிருந்தது. அந்த உடையை நிர்வாகமே தரவேண்டியிருந்தது. அடுத்த உட்பிரிவு பெண்களையும் சிறார்களையும் ஒன்றாகச் சேர்த்து, ஓடும் இயந்திரத்தின் இயக்கப் பகுதிகளைத் துடைக்கவோ எண்ணெயிடவோ அனுமதிக்கக் கூடாது என்றது. லுங்கியும் தொங்குகிற துணிதானே? லுங்கி கட்டியவருக்குப் பயிற்சியும் உடையும் கிடைத்தன. சேலை கட்டியவருக்கு இரண்டுமே கிடைக்கவில்லை. எண்ணெய் போடக் கற்றவர்தான் நாளை மெக்கானிக் ஆகிறார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இழப்பு துணியோடு முடியவில்லை. கட்டுமானத் தொழிலுக்கு 1996இல் தனிச்சட்டம் வந்தது. சித்தாள் இன்னும் வீட்டுச் சட்டையில்தான் நிற்கிறார்.

சேலைக்காக இயந்திரத்தை மாற்ற முடியாதா என்றால், மாற்றியிருக்கிறோம். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது, பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு வேண்டும் என்கிறது. சேலையை மாற்றச் சொல்லவில்லை, வண்டியைத்தான் மாற்றச் சொன்னது. தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆம் பிரிவும் இயந்திரத்துக்கு வேலி போடச் சொன்னது, உண்மைதான். ஆனால் விபத்து நடந்தால் முதலில் வரும் கேள்வி, “ஏன் சேலையோட வந்தே?” என்பதுதான். சுடிதாருக்கு மாறினால் துப்பட்டா இருக்கிறது. வேலையிடத்தில் அதைக் கழற்றிவைக்கும் பெண்ணை நம் தெரு என்ன சொல்லும் என்பது எனக்கும் உங்களுக்கும் தெரியும்.

சாயங்காலம் அவர் கைகால் கழுவி, சட்டையை மடித்துப் பையில் வைத்து, சேலையை இறக்கிவிட்டுக்கொள்கிறார். கணவரின் வண்டியில் ஒருபக்கமாக ஏறி உட்காருகிறார், அந்தத் தடுப்புக் கம்பி இருக்கும் பக்கமாக.