ராக்கெட் உதாரணம் பாதிதான் சரி

பள்ளிக் கண்காட்சிக்காக அக்கா மகன் ஒரு குட்டி நீர்மூழ்கி செய்தான். பிவிசி குழாய், கூலர் பம்பு, பேட்டரி. பின்னாடி தண்ணீரைப் பீய்ச்சி முன்னாடி போகணும். குறுக்குத்துறையில் தாமிரபரணியில் விட்டோம். ஆமை மாதிரி நகர்ந்தது. வேகம் கூட்ட, பீய்ச்சும் முனையின் வாயைச் சின்னதாக்கினான். தண்ணி சீறியது, வண்டி இன்னும் மெதுவாப் போச்சு.

"பலமா சீறுனா வேகமாப் போகணும்லா மாமா?"

தப்பு அவன் மேல் இல்லை. நீர்த்தாரை உந்துதல் பற்றி நான் படித்த எளிய விளக்கங்கள் பலவும் நியூட்டனின் மூன்றாம் விதி, பலூன், ராக்கெட் என்று முடிந்துவிடுகின்றன. மகேந்திரகிரி பக்கத்திலேயே இருப்பதால் நமக்கும் ராக்கெட்தான் முதலில் வாயில் வருகிறது.

அந்த உதாரணத்தில் ஒன்று சரி. தாரை பின்னால் உள்ள தண்ணீரில் மோதுவதால் வண்டி நகர்வதில்லை. தண்ணீரை வேகப்படுத்தி வெளியே தள்ளும்போதே எதிர்விசை வண்டி மேல் விழுந்துவிடுகிறது. வெற்றிடத்தில் ராக்கெட் பறப்பது இதனால்தான்.

சறுக்குவது அடுத்த இடத்தில். ராக்கெட் வெளியே தள்ள வேண்டியதை எல்லாம் தானே சுமக்கிறது. அதனால் ஒவ்வொரு கிலோவையும் முடிந்தவரை வேகமாக வீச வேண்டும். நீர்மூழ்கிக்கு அந்தக் கவலை இல்லை, சுற்றிலும் தண்ணீர்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நின்ற நிலையில் 10 நியூட்டன் விசை வேண்டும். நொடிக்கு 1 கிலோ தண்ணீரை 10 மீட்டர் வேகத்தில் வீசினால் 50 வாட் செலவு. 5 கிலோவை 2 மீட்டர் வேகத்தில் தள்ளினால் 10 வாட் போதும். விசை அதேதான், பேட்டரிச் செலவு ஐந்தில் ஒரு பங்கு!

சென்னை தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் மத்ஸ்யா 6000 நீர்மூழ்கியில் சுழல்விசிறி உந்திகள் இருப்பதும் இந்தக் கணக்குக்குப் பொருந்துகிறது. ஊசிக்கணவாயும் மெதுவாக நீந்தத் துடுப்பைத்தான் அதிகம் நம்பும். தப்பி ஓடத்தான் முழு வேகத்தில் பீய்ச்சும்.

அப்போ தாரை வீணா? இல்லை. அதிவேகப் படகுக்கும், விசிறி தரை தட்டும் ஆழமில்லாத தண்ணிக்கும் அது நல்லது. எங்கே பொருந்தும் என்று சொல்லாமல் விடுவதுதான் என் குறை.

முனையைப் பழைய அளவை விடவும் அகலமாக்கச் சொன்னேன். சீற்றம் அடங்கியது, வண்டி ஓடியது. கண்காட்சி அட்டையில் 'ராக்கெட் போல' என்று எழுதியிருந்ததை அவனே அடித்துவிட்டான்.