கப்பற்றலைவனின் வயதும் ஆசிரியரின் நேரமும்

கணிதம் கற்பித்தலைப் பற்றித் தமிழ் கற்பிப்போர் எழுதப் புகுவது சிலருக்கு அத்துமீறலாகத் தோன்றலாம். ஆயின், பல்கலைக் கழகத்துக்கும் பாடசாலைக்கும் இடையேயுள்ள உறவு எந்தவொரு பாடத்துக்கும் தனியுரிமையான பிரச்சினையன்று. அறிவை ஆக்குவோர் ஒரு சாரார், அதனைச் சுமந்து சென்று வழங்குவோர் மற்றொரு சாரார் என்னும் பிரிவினை எல்லாப் பாடங்களிலும் உண்டு. அப்பிரிவினையை உடைக்க முனைந்த ஒரு முயற்சியையும், அது கண்ட பயனையும், அது முட்டிக்கொண்ட சுவரையும் ஆராய்வதே இங்கு எமது நோக்கமாகும். அம்முயற்சி பிரான்சு நாட்டிலே ‘இரெம்’ என்னும் சுருக்கப் பெயரால் வழங்கும் கணிதக் கல்வி ஆராய்ச்சி நிறுவகங்களாகும்.

பிரச்சினை பழையது. ஜேர்மனியில், கொற்றிங்கன் பல்கலைக் கழகப் பேராசிரியர் பீலிக்ஸ் கிளைன், ஆசிரியராக வரவிருந்தோருக்கு நிகழ்த்திய விரிவுரைகளை 1908 ஆம் ஆண்டு நூலாக வெளியிடத் தொடங்கினார். அதில் அவர் சுட்டிக்காட்டிய இரட்டை முறிவு இன்றும் பொருந்துவது. பல்கலைக் கழகம் புகும் மாணவன் பாடசாலையிற் கற்றதற்கும் அங்கு கற்பதற்கும் தொடர்பு காணாது திகைக்கிறான். பின்னர் ஆசிரியனாகிப் பாடசாலைக்குத் திரும்புகையில், பல்கலைக் கழகத்திற் கற்றதற்கு அங்கு இடம் காணாது அதனை மறந்து விடுகிறான். கிளைன் கூறிய பரிகாரம், தொடக்கக் கணிதத்தை உயர்ந்த நிலையிலிருந்து நோக்குதல். நூலின் பெயரே அதுதான். நோய் சரியாக இனங்காணப்பட்டது. ஆனால் மருந்து மேலிருந்து கீழ்நோக்கியே இறங்கிற்று. பாடசாலையிலிருந்து பல்கலைக் கழகம் கற்க வேண்டியதும் ஏதேனும் உண்டா என்ற கேள்வி பின்னுக்கே நின்றது.

அறுபது ஆண்டுகளின் பின்னர், பிரான்சிலே அக்கேள்வி எதிர்பாராத வழியில் எழுந்தது. கணிதப் பேராசிரியர் ஆந்திரே லிக்னெரோவிச்சின் தலைமையில் அமைந்த ஆணைக்குழு ‘நவீன கணித’த்தைப் பாடசாலைக்குக் கொண்டுவரும் பணியில் ஈடுபட்டது. 1969 ஆம் ஆண்டு இடைநிலைக் கல்வியின் முதல் வகுப்பிலே புதிய பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. கணங்களும் உறவுகளும் எண்களுக்கு முன்னே வந்து அமர்ந்தன. இலத்தீனும் இலக்கிய நயமும் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளின் முதுசமாக இருந்த கல்வியமைப்பில், கணிதம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமான வாயிலைத் திறக்கும் என்று சீர்திருத்தவாதிகள் சிலர் நம்பினர். நோக்கம் உயர்ந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், கற்பிக்க வேண்டிய ஆசிரியருட் பலர் இக்கணிதத்தைத் தாம் கற்றவரல்லர். ஆகவே அவர்களுக்கு மறுபயிற்சி தேவைப்பட்டது.

இங்குதான் ஆசிரியர் இயக்கம் தலையிட்டது. 1910 இல் தோன்றிய பிரெஞ்சுக் கணித ஆசிரியர் சங்கம், 1968 இல் வெளியிட்ட சம்பேரிச் சாசனத்திலே, பல்கலைக் கழகங்களுடன் இணைந்த ஆராய்ச்சி நிறுவகங்களைக் கோரிற்று. பயிற்சி நிலையங்களையன்று, ஆராய்ச்சி நிறுவகங்களையே அது கோரியது என்பது கருதத்தக்கது. 1969 இல் பாரிஸ், லியோன், ஸ்திராஸ்பூர்க் ஆகிய மூன்றிடங்களில் முதல் நிறுவகங்கள் தோன்றின. சில ஆண்டுகளுள் நாடெங்கும் இருபதுக்கு மேற்பட்டவை இயங்கலாயின. பல்கலைக் கழகக் கணித அறிஞரும் பாடசாலை ஆசிரியரும் ஒரே குழுவில் அமர்ந்தனர். ஆசிரியருக்கு வாரத்திற் சில பாடவேளைகள் விலக்களிக்கப்பட்டன. அந்நேரத்தில் அவர்கள் ஆராய்ந்தனர், எழுதினர், வெளியிட்டனர், வகுப்புக்குத் திரும்பிச் சோதித்துப் பார்த்தனர். நிறுவகங்களின் இயக்குநர் கூடும் அவையும், பல நிறுவகத்தார் கூடி ஒரு பொருளை ஆராயும் பொதுக்குழுக்களும் இவற்றை இணைத்தன. ஒருங்கிணைப்பு என்பது மண்டபம் பிடித்து, வரவுப் பதிவேட்டிற் கையெழுத்து வாங்கி, சான்றிதழ் வழங்குவதன்று என்பதை இவ்வமைப்பு உணர்த்திற்று.

இதன் விளைவு யாது? புதிய பாடத்திட்டத்தைப் பரப்புவதற்கென அரசு ஆதரித்த நிறுவகங்களே அப்பாடத்திட்டத்தின் குறைகளைக் கண்டறியும் களங்களாயின. வகுப்பறையைத் தினமும் காணும் ஆசிரியர் குழுவில் இருந்தமையால் உண்மையை நெடுங்காலம் மறைக்க இயலவில்லை. நவீன கணிதம் சமத்துவத்தைக் கொணரவில்லை. இலத்தீன் விட்டுச் சென்ற சல்லடையைக் கணிதம் கையிலேந்திற்று, அவ்வளவே. 1980களின் தொடக்கத்திற்குள் அப்பாடத்திட்டம் கைவிடப்பட்டது. நிறுவகங்களோ நிலைத்தன.

அவற்றின் ஆராய்ச்சிகளுள் ஒன்று உலகப் புகழ் பெற்றது. கிறனோபிள் நிறுவகத்தின் தொடக்கக் கல்விக் குழுவினர், ஏறத்தாழ எட்டு வயதுடைய பிள்ளைகளிடம் ஒரு கணக்கைக் கொடுத்தனர்: கப்பலில் 26 செம்மறிகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன, கப்பற்றலைவனின் வயது யாது? 97 பிள்ளைகளில் 76 பேர், கொடுத்த எண்களைக் கொண்டு கணித்து விடை கூறினர். 1980 இல் இது வெளியானபோது, பிள்ளைகளின் அறிவீனம் என்று நகைத்தோர் உளர். ஆசிரியரின் திறமையின்மை என்று சினந்தோரும் உளர். இருசாராரும் தவறினர். வாத்தியார் தரும் கணக்குக்கு விடை உண்டு, தரப்பட்ட எண்கள் யாவும் பயன்பட வேண்டும், கேள்வி பொருளற்றது என்று கூறுவது மாணவன் வேலையன்று: இவ்விதிகளைப் பாடசாலை சொல்லாமலே கற்பித்திருந்தது. பிள்ளைகள் கணித விதிக்கன்று, பாடசாலை விதிக்கே பணிந்தனர். இத்தகைய எழுதா உடன்பாட்டைப் போர்தோவிலே ஆராய்ந்த கீ புறூசோ ‘கற்பித்தல் ஒப்பந்தம்’ என்றார்.

இந்த இடத்தில் வாசகரை ஒரு கணம் நிறுத்த விரும்புகிறோம். சேவைக்காலக் கருத்தரங்கில் அமர்ந்திருக்கும் ஆசிரியரை எண்ணிப் பாருங்கள். மேடையிலிருப்பவர் ஒரு வினாப் படிவத்தைக் கொடுக்கிறார். அது தமது வகுப்போடு பொருந்தாதது என்பதை ஆசிரியர் அறிவார். எனினும் எழுதுகிறார், குழுவாகப் பிரியச் சொன்னாற் பிரிகிறார், பெரிய தாளில் வண்ணப் பேனையால் வரைகிறார், தேநீர் அருந்தி வீடு திரும்புகிறார். மறுநாள் வெண்கட்டியை எடுத்துப் பழைய பாடத்தைப் பழையவாறே தொடங்குகிறார். அவரும் ஆடுகளைக் கூட்டித் தலைவனின் வயதைச் சொன்னவரே. பொருளற்றதைப் பொருளற்றது என்று கூறும் உரிமை அவருக்கும் கற்பிக்கப்படவில்லை. அவ்வுரிமையில்லாத ஆசிரியர் அதனை மாணவருக்கு எங்ஙனம் வழங்குவார்?

புறூசோவின் வாழ்க்கை இதற்கு மறுதலையான சான்று. தொடக்கப் பள்ளி ஆசிரியராகத் தொழிலைத் தொடங்கியவர் அவர். போர்தோவை அடுத்த தலான்சிலே, மிசலே பாடசாலையைப் பல்லாண்டுக் கால ஆராய்ச்சிக் களமாக்கினார். கணிதக் கல்விக்கான அனைத்துலக ஆணைக்குழு கிளைனின் பெயரால் நிறுவிய பதக்கத்தை 2003 ஆம் ஆண்டுக்கென முதன்முதலிற் பெற்றவர் அவரே. உயர்ந்த நிலையிலிருந்து நோக்கியவரின் பெயராலான பதக்கம், கரும்பலகையடியிலிருந்து எழுந்தவரின் கையைச் சேர்ந்தது.

ஆயினும், இந்நிறுவகங்களை நாம் வழிபாட்டுப் பொருளாக்கலாகாது. விரும்பி வந்தோரே பெரும்பாலும் அங்கு சேர்ந்தனர். வராத ஆசிரியர் பலர். மேலும், அவற்றின் அடித்தளம் இலட்சியமன்று, நேரம். வாரத்திற் சில மணிநேரத்தை அரசு விலைகொடுத்து வாங்கி ஆசிரியரிடம் ஒப்படைத்தது. மிசலேயில் வகுப்புகளின் தொகையிலும் ஆசிரியர் தொகை கூடுதலாக இருந்தது. பிற்காலத்தில் அவ்விலக்கு நேரங்கள் குறைக்கப்பட்டபோது நிறுவகங்கள் நலிவுற்றன. அவை இன்றும் இயங்குகின்றன. ஆனால் ஆசிரியரின் ஓய்வு நேரத்தை உண்டு இயங்க வேண்டிய நெருக்கடி அவற்றைத் தொடர்கிறது. சிந்தனைக்கு நேரம் தராது சிந்தனையை எதிர்பார்க்கும் அரசு, கூலி தராது உழைப்பை எதிர்பார்க்கும் முதலாளியிலிருந்து எவ்வகையில் வேறுபடும்?

ஆகவே, பல்கலைக் கழகம் ஆசிரியருக்காக நடத்தும் எந்தத் திட்டத்தையும் மதிப்பிட நாம் மூன்று வினாக்களை எழுப்புவோம். வினாவை அமைப்பதில் ஆசிரியருக்குப் பங்குண்டா? அதற்குரிய நேரம் அவரது வேலைநேரமா, ஓய்வு நேரமா? அவர் கண்டறிந்தது அவர் பெயரால் எழுத்தில் வருகின்றதா? இம்மூன்றுக்கும் இல்லை என்பதே விடையாயின், பேச்சாளர் எத்துணைப் பெரியவராயினும், அது கப்பற்றலைவனின் வயதைக் கேட்கும் திட்டமே. அத்தகைய மண்டபத்தில் எழுந்து நின்று, இக்கணக்குக்கு விடை இல்லை என்று கூறும் ஆசிரியரே கல்விச் சீர்திருத்தத்தின் முதற் பாடத்தைத் தொடங்கி வைக்கிறார்.