குழந்தைகளின் அமைதியின்மையும் மாற்று மருத்துவங்களும்: ஒரு திறனாய்வு

ஓரிடத்தில் அமராத குழந்தை, பாடத்தில் மனம் ஊன்றாத குழந்தை, சிறு காரணத்திற்கும் சினந்து அழும் குழந்தை ஆகியோரைப் பெற்றோர் இன்று மருத்துவரிடம் மட்டும் அழைத்துச் செல்வதில்லை. மலர்ச் சொட்டு மருந்து, மீன் எண்ணெய், உணவுக் கட்டுப்பாடு, கருஞ்சீரகத் தைலம், ஹிஜாமா, ஓதிய நீர், தாயத்து எனப் பல வழிகள் அவர்கள்முன் விரிந்து கிடக்கின்றன. இவற்றுள் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்பதை எந்த அளவுகோலைக் கொண்டு தீர்மானிப்பது? அந்த அளவுகோல் நம் முன்னோரின் அரபு நூல்களிலேயே இருக்கின்றது என்பது நம் துணிபு. அதனைக் கையில் எடுத்தால், பிறருடைய சரக்கைப் போலவே நம்முடைய சரக்கையும் எடைபோட வேண்டிவரும் என்பதை முதலிலேயே கூறிவிடுகிறோம்.

முன்னோரின் அளவுகோல்

மருத்துவ மேதை அபூபக்ர் அர்ராஸீ (865–925) தம் 'அல்ஹாவீ' நூலில் ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளார். சர்ஸாம் எனப்பட்ட மூளைக் காய்ச்சலின் முன்குறிகள் தென்பட்ட நோயாளருள் ஒரு சாராருக்கு இரத்தம் எடுத்ததாகவும், மற்றொரு சாராரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாமல் விட்டுவைத்ததாகவும் அவர் எழுதுகிறார். அவர் எட்டிய முடிவை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. ஆயினும், சிகிச்சை பெற்றோரைப் பெறாதோருடன் ஒப்பிட்டால்தான் உண்மை புலப்படும் என்னும் அவருடைய நெறி இன்றும் மருத்துவ ஆய்வின் அடித்தளமாக நிற்கின்றது.

இப்னு ஸீனா (980–1037) 'அல்கானூன்' நூலின் இரண்டாம் பாகத்தில் ஒரு மருந்தைச் சோதித்தறிவதற்கான நிபந்தனைகளை வரிசைப்படுத்துகிறார். மருந்தின் விளைவு எப்போதுமோ பெரும்பாலுமோ நிகழ வேண்டும். அவ்வாறன்றி எப்போதோ நிகழ்வது தற்செயல் என்பது அவற்றுள் ஒன்று. 'எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்குக் குணமாயிற்று' என்னும் சான்றுரைக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எழுதப்பட்ட விடை இது.

இவ்வளவுகோல் குழந்தைகள் விஷயத்தில் மேலும் இன்றியமையாதது. குழந்தை தன் நிலையைத் தானே எடுத்துரைப்பதில்லை. தாயும் தந்தையுமே அதன் சார்பில் பேசுகின்றனர். 1994ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இங்குக் கருதத்தக்கது. தம் மகனுக்குச் சர்க்கரை ஒத்துக்கொள்ளாது என்று நம்பிய தாய்மார் அதில் பங்கேற்றனர். ஐந்து முதல் ஏழு வயதுவரையிலான அச்சிறுவர்கள் அனைவருக்கும் சர்க்கரையற்ற இனிப்பூட்டி கலந்த பானமே கொடுக்கப்பட்டது. ஆனால் தாய்மாரில் ஒரு பாதியினரிடம், கொடுத்தது சர்க்கரை என்று கூறப்பட்டது. அவர்கள் தம் மகன் மிகுதியாகத் துள்ளுவதாக மதிப்பிட்டனர். அவனை விடாமல் நெருங்கி நின்று மிகுதியாகக் குறை கூறவும் செய்தனர். மாறியது குழந்தையன்று, தாயின் பார்வை. மருந்து பயனளித்தது என்று பெற்றோர் மனமாரக் கூறும்போதும் இதே வாய்ப்பு உண்டு. அவர்கள் பொய்யுரைப்பதாக எவரும் கருத வேண்டியதில்லை; நம்பிக்கை கண்ணையும் வழிநடத்துகின்றது.

சந்தையில் உள்ளவை

உணவுக் கட்டுப்பாட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். அமெரிக்க ஒவ்வாமை மருத்துவர் பென் ஃபெயின்கோல்ட் 1975இல் வெளியிட்ட நூலில், குழந்தைகளின் மிகைத் துடிப்புக்குச் செயற்கை நிறங்களும் சுவையூட்டிகளும் பெருங்காரணம் என்றார். பின்னர் நடந்த கட்டுப்பாட்டுடன் கூடிய சோதனைகள் அவர் கூறிய அளவுக்குப் பயனைக் காட்டவில்லை. எனினும் அவருடைய கருத்து முற்றிலும் பொய்யாகவும் இல்லை. 2007இல் இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தார் மூன்று வயதினர் 153 பேரையும், எட்டு, ஒன்பது வயதினர் 144 பேரையும் கொண்டு நடத்திய சோதனையில், சில நிறங்களும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் துடிப்பைச் சிறிதளவு கூட்டுவது தெரியவந்தது. அதன் விளைவாக ஆறு நிறங்களைக் கொண்ட உணவுகளில் எச்சரிக்கை வாசகம் இடம்பெற வேண்டுமென ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. அவ்விதி 2010 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாறில் டார்ட்ரசின், சன்செட் யெல்லோ உள்ளிட்ட நான்கு, அளவுக் கட்டுப்பாட்டுடன் நம் நாட்டில் அனுமதிக்கப்பட்டவை. எனவே கலர் இனிப்பைக் குறைப்பது நன்று. ஆனால் அதுவே நோய்க்கு மருந்து என்பது சான்றை மீறிய பேச்சு.

மலர்ச் சொட்டு மருந்து, எட்வர்ட் பாக் என்னும் ஆங்கில மருத்துவர் 1930களில் வகுத்தது. அவருடைய பட்டியலில் 38 மருந்துகள் உள்ளன. கவனக்குறைவுக் கோளாறுடைய குழந்தைகளிடம் அதனைச் சோதித்து 2005இல் வெளியான ஓர் ஆய்வில், வெற்றுச் சொட்டு பெற்றவர்களைவிட மருந்துச் சொட்டு பெற்றவர்கள் மேம்பட்டதாகக் காணப்படவில்லை. மீன் எண்ணெயின் நிலை சற்று வேறு. 2011இல் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு அதற்குச் சிறு பயன் உண்டென்றும், மருத்துவர் தரும் மருந்தின் பயனோடு ஒப்பிட அது மிகக் குறைவென்றும் கண்டது. மாற்று மருத்துவம் அனைத்தும் மோசடி என்பாரும், அனைத்தும் அமுதம் என்பாரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்கும் உழைப்பை இருவரும் தவிர்த்துவிடுகின்றனர்.

நபிவழி மருத்துவம் என்னும் பெயரில்

இனி நம் வீட்டுச் சரக்கிற்கு வருவோம். கருஞ்சீரகத்தில் மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் நிவாரணம் உண்டு என்னும் கருத்திலமைந்த நபிமொழி ஸஹீஹுல் புகாரீயில் இடம்பெற்றுள்ளது. அதனைப் புட்டியின் மேல் அச்சிட்டு, 'பிள்ளையின் கவனம் கூடும், ஞாபகசக்தி பெருகும்' என்று விற்பவர்கள், ஹதீஸ் விரிவுரையாளர்கள் அதனை எவ்வாறு விளங்கினர் என்பதைக் கூறுவதில்லை. இமாம் கத்தாபீ (ரஹ்), இங்குச் சொல் பொதுவாக இருப்பினும் கருதப்பட்டது குறிப்பிட்ட வகை நோய்களே என்றார். பொதுச்சொல்லால் சிறப்புப் பொருள் குறிக்கப்படுவது அரபு மொழி வழக்கு என்பதை நம் கல்லூரி மாணவன் முதல் சில ஆண்டுகளிலேயே கற்றுவிடுகிறான். இப்னு கல்தூன் (1332–1406) இன்னும் ஒருபடி மேலே சென்று, அறிவிப்புகளில் காணப்படும் மருத்துவம் அரபு நாட்டார் வழக்கைச் சேர்ந்தது என்றும், நபி (ஸல்) அவர்கள் மார்க்கத்தைக் கற்பிக்கவே அனுப்பப்பட்டார்கள் என்றும் 'முகத்திமா'வில் எழுதினார். அவருடைய கருத்தை ஏற்காத அறிஞர்களும் உளர். ஆனால் இவர்களுள் எவரும், பெயர் புனிதமாக இருப்பதால் சோதனை வேண்டாம் என்று கூறவில்லை.

சுருமாவை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு இஸ்மித் இடுவது நபிவழி என்னும் அன்பினால் பச்சிளம் குழந்தைகளுக்கும் சுருமா தீட்டுகின்றனர். கடைகளில் சுருமா என்று விற்கப்படும் பொடிகள் பலவற்றில் ஈய சல்பைடு இருப்பதும், அதனைப் பயன்படுத்திய குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருந்ததும் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. குழந்தையின் அறிவுத்திறனையும் கவனத்தையும் நிலையாகக் குலைக்கும் நஞ்சுகளுள் ஈயம் முதன்மையானது. பிள்ளையின் கவனம் சிதறுவதற்காக ஒரு கையால் தைலம் கொடுத்துக்கொண்டே, மறு கையால் கவனத்தைச் சிதைக்கும் பொருளைக் கண்ணில் தீட்டும் நிலை இது. தெற்காசிய உலோகச் சூரணங்களின் செய்தியும் இத்தகையதே. பாஸ்டன் நகரப் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளுள் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருந்தன என்று 2004இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. 'இயற்கையானது, தீங்கில்லாதது' என்னும் சொற்றொடரை இவ்வுண்மைகளின் ஒளியிலேயே நாம் வாசிக்க வேண்டும்.

ஓதிப் பார்த்தலும் நோயறிதலும்

குழந்தையின் தலையில் கைவைத்துத் தாய் ஓதுவது வணக்கம். அது குழந்தைக்கு அணைப்பும் ஆறுதலுமாகும். அதனை எவரும் குறைகூற இயலாது. நம் திறனாய்வு, ஓதுதலை நோயறிதலின் இடத்தில் அமர்த்துவதைப் பற்றியது. வகுப்பில் சில நொடிகள் வெறித்துப் பார்த்து, அழைத்தால் மறுமொழி கூறாத குழந்தைக்கு ஒருவகை வலிப்பு இருக்கலாம். மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து அதனைக் கண்டறியலாம். மருந்தால் கட்டுப்படுத்தவும் இயலும். காது மந்தம், இரத்தசோகை, மூக்கடி வீக்கத்தால் இரவில் கெடும் தூக்கம் ஆகியனவும் கவனக்குறைவாகவே வெளிப்படும். இக்குழந்தைகளிடம் 'பார்வை பட்டிருக்கிறது', 'ஜின் தொட்டிருக்கிறது' என்று கூறித் தாயத்துக் கட்டி அனுப்பினால், இழக்கப்படுவது காணிக்கைப் பணம் மட்டுமன்று; குழந்தையின் கல்வியாண்டுகளும் இழக்கப்படுகின்றன.

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் கருகி மாண்டனர். அவர்கள் குழந்தைகள் அல்லர். எனினும் பரிசோதனையற்ற சிகிச்சை எங்குச் சென்று முடியும் என்பதற்கு அது நம் மண்ணின் சாட்சி. எவ்வடிவிலும் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துள்ளது. பின்னாளில் அதே ஏர்வாடியில், தர்காவுக்கு வருவோர் துஆவுடன் தவாவையும் பெறும் பொருட்டு அரசின் மனநல மருத்துவ ஏற்பாடு அமைந்தது. இரண்டும் அருகருகே இயங்க முடியும் என்பதற்கு அதுவும் சாட்சியே.

தத்பீர்: மறந்துபோன மருத்துவம்

அரபு மருத்துவ நூல்களில் 'இலாஜ்' என்னும் சிகிச்சைக்கு முன்னதாகத் 'தத்பீர்' என்னும் பகுதி இடம்பெறும். உணவு, உறக்கம், அசைவு, மனநிலை ஆகியவற்றை ஒழுங்குசெய்தலை அச்சொல் குறிக்கும். கைரவான் நகரத்து மருத்துவர் இப்னுல் ஜஸ்ஸார் பத்தாம் நூற்றாண்டிலேயே குழந்தைப் பராமரிப்புக்கென்று தனி நூல் எழுதினார். கடும் சினம், கடும் அச்சம், துயரம், தூக்கமின்மை ஆகியவற்றிலிருந்து குழந்தையைக் காக்க வேண்டும் என்கிறார் இப்னு ஸீனா. அவர் வகுத்த அன்றாட ஒழுங்கில் குளியலுக்கும் உணவுக்கும் இடையே இருமுறை விளையாட்டு வருகின்றது. ஆசிரியரிடம் அனுப்பும் வயது ஆறு. பள்ளியிலிருந்து திரும்பும் சிறுவனை விளையாட விட வேண்டும், அதனைத் தடுத்து எந்நேரமும் படிப்பில் அழுத்துவது அவன் உள்ளத்தைச் சாகடித்து அறிவை மழுங்கச் செய்யும் என்பது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் தெரிவிக்கும் கருத்து. மாணவர்மீது காட்டப்படும் கடுமை அவர்களுடைய ஊக்கத்தை அழித்து, சோம்பலுக்கும் பொய்க்கும் இட்டுச்செல்லும் என இப்னு கல்தூன் ஓர் அத்தியாயமே எழுதியுள்ளார்.

இன்றைய மருத்துவமும் இத்திசையிலேயே பேசுவது சிந்திக்கத்தக்கது. நான்கு முதல் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் கவனக்குறைவுக் கோளாறுக்கு, மருந்துக்கு முன்னர் பெற்றோருக்குப் பயிற்சி அளிக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2011இலும் 2019இலும் வெளியிட்ட நெறிமுறைகள் கூறுகின்றன. வளர்ந்த குழந்தைகளுக்கு மருந்து தேவைப்படும்போது அதனை அஞ்சி மறுப்பதும் தவறே. தத்பீர் மருந்துக்குப் பகையன்று.

இந்நிலையில் நம் பிள்ளையின் ஒரு நாளைப் பார்ப்போம். ஃபஜ்ருக்குப் பின் மக்தப், அடுத்துப் பள்ளிக்கூடம், மாலையில் டியூஷன், இரவில் வீட்டுப்பாடம். இப்னு ஸீனா இருமுறை வைத்த விளையாட்டு இதில் ஒருமுறையும் இல்லை. மக்தபில் பிரம்பும் சில இடங்களில் இன்னும் ஓயவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் உடல் தண்டனையைத் தடை செய்கின்றது. ஆனால் 2012இல் வந்த திருத்தம், சமயக் கல்வியை முதன்மையாக அளிக்கும் மதரஸாக்களையும் வேத பாடசாலைகளையும் அச்சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கியது. அச்சட்டம் எட்டாத அவ்விடத்தில் இப்னு கல்தூனின் அத்தியாயம் எட்ட வேண்டும். பிரம்பால் நடுங்கும் குழந்தையின் நடுக்கத்திற்குத் தாயத்து எழுதித் தருவது எத்தகைய மருத்துவம்?

யார் பொறுப்பு?

மருத்துவ அறிவு உடையவராக அறியப்படாத ஒருவர் மருத்துவம் பார்த்தால் விளைவுக்கு அவரே பொறுப்பாளி என்னும் கருத்திலமைந்த நபிமொழி அபூதாவூத், நஸயீ, இப்னுமாஜா ஆகிய தொகுப்புகளில் உள்ளது. அதில் வரும் 'ததப்பப' என்னும் வினைச்சொல்லைக் குறித்து இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அழகிய மொழிக்குறிப்பு ஒன்றை அளிக்கிறார்: இவ்வினை வடிவம், தனக்கு இயல்பாக உரியதல்லாத ஒன்றில் ஒருவர் வலிந்து புகுவதைக் காட்டும். மருத்துவர் வேறு, மருத்துவராக வலிந்து ஆகுபவர் வேறு என்பதை அவ்வடிவமே உணர்த்திவிடுகின்றது. நபிவழி மருத்துவ நூல்களைத் தொகுத்து வெளியிடும் பதிப்பகங்கள் கருஞ்சீரகத்திற்கும் தேனுக்கும் ஒதுக்கும் பக்கங்களோடு, இந்த நபிமொழிக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்.

ஆகவே பெற்றோர், குழந்தைக்கு எதனைக் கொடுக்கப்போகிறவரிடமும் மூன்று வினாக்களைத் தயங்காது கேட்கலாம். இம்மருந்து பெறாத குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டதா? இதனுள் என்ன இருக்கின்றது? தீங்கு நேர்ந்தால் பொறுப்பேற்பவர் யார்? முதல் வினா ராஸீயினுடையது, மூன்றாவது நபிமொழியினுடையது. இவற்றுக்கு விடை கிடைக்கும் வரை, எல்லாப் பிள்ளைகளுக்கும் இன்றே அளிக்கத்தக்கவை சில உண்டு: அஸருக்குப் பின் ஒரு மணிநேர விளையாட்டு, நேரத்தோடு உறக்கம், கை ஓங்காத உஸ்தாது. இவற்றை எந்தக் கடையிலும் வாங்க இயலாது. பெரியவர்களாகிய நாமே அளிக்க வேண்டும்.