விட்டுப்போன சொற்கள்

லீ குவான் யூ 1998-ல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளின் முதல் பாகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் நிற்கிறார்கள். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்த பிறகு, ஒரு பாலத்தருகே ஜப்பானியச் சிப்பாய் ஒருவன் அந்தப் பதினெட்டு வயது மாணவனை அறைகிறான். மண்டியிட வைத்து நெஞ்சில் பூட்ஸ் காலால் தள்ளுகிறான். பிற்காலத்து இரும்பு மனிதர் இந்த அவமானத்தில் பிறந்தார் என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. லீக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. ஆக்கிரமிப்பின் மூன்றரை வருஷங்களே தன் வாழ்க்கையில் முக்கியமானவை, அதிகாரம் இன்னதென்று அப்போதுதான் தெரிந்தது, ஊர் பசியில் கிடந்தும் குற்றங்கள் குறைந்திருந்ததற்குக் கொடிய தண்டனையே காரணம் என்கிறார்.

1959 முதல் 1990 வரை பிரதமராக இருந்து முடித்தவர், எழுபத்தைந்து வயதில் எழுதுவது இது. பாடம் ஆட்சிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துவதுதான் உறுத்துகிறது. அதே யுத்தத்தில் ஜேம்ஸ் புதுச்சேரி இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து பர்மா முனைக்குப் போனார். திரும்பி வந்து இடதுசாரியானார். மலாயப் பொருளாதாரம் யார் கையில் இருக்கிறது என்று ஆராயும் நூலைச் சிறையில் எழுதினார். அது 1960-ல் வந்தது. லீயின் கட்சிக்கு ஆரம்பகாலத் தோழர் அவர். 1963 பிப்ரவரியில், லீ பிரதமராக இருக்கையில், நூற்றுக்கு மேற்பட்டவர்கள் விசாரணையின்றிப் பிடிக்கப்பட்டபோது அவரும் உள்ளே போனார். யுத்தம் இவருக்கும்தான் பாடம் சொல்லியிருக்க வேண்டும்.

அறையை விட எனக்கு முக்கியமாகப் படுவது கேத்தே கட்டடம். நகரத்தின் மிக உயர்ந்த கட்டடம் அன்று அதுதான். ஜப்பானியரைக் கேலி செய்யும் படமொன்றைச் சிங்கப்பூர் விழுவதற்கு முன் லீ அங்கே பார்த்திருக்கிறார். ஆக்கிரமிப்பு வந்தபின் அதே வாசலில், கம்பத்தில் வைத்த மனிதத் தலையைப் பார்க்கிறார். இந்த இரண்டையும் அவரே இணைத்துச் சொல்கிறார். மூன்றாவதை மட்டும் சேர்க்கவில்லை. 1943 கடைசியிலிருந்து ஏறக்குறைய ஒரு வருஷம் அவர் உத்தியோகம் பார்த்தது அதே கட்டடத்தில்தான்: ஜப்பானியப் பிரசார இலாகாவில், நேச நாட்டுச் செய்தி நிறுவனங்களின் தந்திகளைப் படித்துச் சரிசெய்து கொடுக்கும் வேலை.

மோர்ஸ் சமிக்ஞைகள் மாலை நேரங்களில் மங்கிவிடும். வார்த்தைகள் சிதையும், சில வராமலே போகும். முன்பின் பார்த்து விட்டுப்போன சொற்களை இவர் நிரப்ப வேண்டும். கீழே நகரத்தில் அயல்நாட்டு ஒலிபரப்பைக் கேட்பது குற்றம். அந்த 1943 அக்டோபர் 10-ல்தான் வானொலியையும் நாசவேலையையும் சாக்கிட்டு கெம்பெய்தாய் சாங்கி முகாமுக்குள் புகுந்தது. 57 பேரைப் பிடித்தது. 15 பேர் செத்தார்கள். அவர்கள் உயிரைக் கொடுத்துத் தெரிந்துகொள்ள விரும்பியதை, இருபது வயது இளைஞர் ஒருவர் மாடியில் உட்கார்ந்து சம்பளத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். இதில் குற்றம் காண எனக்கு உரிமை இல்லை. குடும்பத்துக்குச் சாப்பாடு வேண்டும், மரவள்ளியிலிருந்து பசை தயாரித்து விற்றும்கூடப் பார்த்தார். ஆனால் ஊருக்குத் தெரியாதது தனக்குத் தெரியும் என்ற ஸ்திதி மனதை என்ன செய்யும்? அறை வாங்கியவனுக்கு ஆத்திரம் வரலாம். ஊரே இருட்டில் இருக்க, பர்மாவில் ஜப்பான் தோற்பதை முன்னதாக அறிந்தவனுக்கு வருவது வேறு. கிட்டத்தட்ட ஒரு நிதானம், மற்றவர்களைச் சிறுவர்களாகக் காணும் நிதானம்.

1971-ல் நான்யாங் பத்திரிகையின் நிர்வாகிகள் நால்வர் சிறைப்பட்டதும், அதே வருஷம் சிங்கப்பூர் ஹெரால்டு நின்றுபோனதும், பத்திரிகை நிறுவனங்களின் நிர்வாகப் பங்குகளை யார் வைத்திருக்கலாம் என்பதை அரசு தீர்மானிக்கும் 1974-ன் சட்டமும் கேத்தே மாடியிலிருந்து நேராக இறங்கி வந்தவை என்று நான் சொல்லவில்லை. கம்யூனிஸ்ட் பயம், இனக்கலவர பயம் எல்லாம் நடுவில் இருந்தன. ஆனால் மக்கள் எதைத் தெரிந்துகொள்ளலாம் என்பதை மேலே இருப்பவன் முடிவு செய்வது இயற்கையே என்ற தொனி அந்தப் பத்திகளில் ஏற்கெனவே இருக்கிறது. தண்டனை பற்றி அவ்வளவு யோசித்தவர் இந்த உத்தியோகத்தைப் பற்றி யோசிக்கவில்லை. வேலையின் நுணுக்கத்தை வர்ணித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

வேலையை விட்ட பிறகு அவர் கண்காணிக்கப்படுகிறார். எச்சரிக்கையாக இருக்கச் சொன்னது எந்தத் தந்தியும் அல்ல. அந்தக் கட்டடத்தின் லிப்ட் இயக்குபவர்.