புரியும் உள்ளீடும் பிரபுவின் வகுப்பறையும்

அயன்மொழி கற்பித்தலில் 'புரியும் உள்ளீடு' என்றவுடன் ஸ்டீபன் கிராஷனின் பெயரே முன்னிற்கிறது. அவருடைய நூல் 1982இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1979இல், என்.எஸ். பிரபு பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் ஆங்கிலத்தைப் பொருள்வழிக் கற்பிக்கும் திட்டத்தைத் தொடங்கியிருந்தார். அது 1984 வரை நடந்தது.

அவ்வகுப்புகளில் இலக்கண வரிசை இல்லை. தொடர்வண்டிக் கால அட்டவணையையோ நிலப்படத்தையோ வைத்து ஆசிரியர் ஆங்கிலத்தில் வினவுவார். மாணவர் ஓரிரு சொற்களில் விடையளிப்பர். பின்னர் அதையொத்த செயலைத் தனித்துச் செய்வர். பாதி மாணவரேனும் பாதியளவு சரியாகச் செய்தால் அச்செயலின் கடினம் தக்கதெனக் கொள்ளப்பட்டது.

கிராஷனுக்கு உள்ளீடு புரிவதும் மனத்தடை குறைவதும் முதன்மை. பிரபுவோ விடைகாணும் சிந்தனை முயற்சியே மாணவரைப் பொருளில் ஊன்றச் செய்கிறது என்றார். இவ்வேறுபாடு சிறிதன்று. மாமல்லபுரத்துக் கடைத்தெருவில் காதில் விழும் ஆங்கிலம் பெரும்பாலும் விலைபேசுவதோடு நின்றுவிடும். திருவிடந்தையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் பேருந்து நேரத்தைக் கணக்கிடச் சொல்லும் வினாவோ, முழுத்தொடரையும் புரிந்துகொள்ளாமல் விடைகாண விடாது.

பெரெட்டாவும் டேவிஸும் 1985இல் வெளியிட்ட மதிப்பீட்டில், இலக்கண அமைப்புத் தேர்வில் வழக்கமான முறையில் பயின்றோரும், மொழித்திறன் தேர்வுகளில் பிரபுவின் மாணவரும் மேம்பட்டனர். ஆயினும் ஒப்பிடப்பட்டவை முன்பே அமைந்திருந்த வகுப்புகள். ஆசிரியர்களும் ஒரே தகுதியினர் அல்லர். எனவே இம்முடிவை எச்சரிக்கையுடனே கொள்ளல் வேண்டும்.

இதனினும் கருதத்தக்கது பெரெட்டாவின் 1990ஆம் ஆண்டு ஆய்வு. இயல்பான பள்ளியாசிரியருள் பெரும்பாலோர் இம்முறையைத் தமதாக்கிக்கொள்ளவில்லை என்று அது காட்டிற்று. இம்முறையில் ஆசிரியரின் பேச்சே உள்ளீடு. தடையின்றி ஆங்கிலம் பேசத் தயங்கும் ஆசிரியருக்குப் பிரபுவின் திட்டம் தந்த துணை மிகக் குறைவு.