தேற்றலும் பரிந்துபேசுதலும்: ஒரு நாவலும் விராலிமலைச் சதிரும்

யோவான் நற்செய்தியில் ‘தேற்றரவாளன்’ என்றும், யோவானின் முதலாம் நிருபத்தில் ‘பரிந்துபேசுகிறவர்’ என்றும் நமது வேதாகமத்தில் வருவன ஒரே கிரேக்கச் சொல்லின் மொழிபெயர்ப்புகளாம். பராக்லேத்தோஸ் என்னும் அச்சொல் தமிழில் இரண்டாகப் பிரிந்ததுபோலவே நமது ஆற்றுப்படுத்தும் பணியும் பிரிந்துவிட்டது. துயருற்றவரைத் தனியறையில் அமர்த்தித் தேற்றுவதை ஆயரின் கடமையெனக் கற்பிக்கிறோம். அத்துயருக்குக் காரணமான வழக்கத்தை எதிர்த்துப் பேசுவதை மற்றவர்க்கு விட்டுவிடுகிறோம். அமெரிக்க ஆலோசனையாளர் சங்கம் 2003-இல் ஏற்ற தகுதிநெறிகள் இவ்விரண்டையும் இணைக்க முயன்றன. பாதிக்கப்பட்டவர்க்காகச் செயற்படுதல், அவரோடு செயற்படுதல் என அவை காட்டும் வேறுபாடு, தேவதாசி ஒழிப்பு இயக்கத்தை நாம் மறுபடியும் ஆராயத் துணைசெய்கிறது.

அவ்வியக்கத்தின் முதன்மையான இலக்கியச் சான்று, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-இல் வெளியிட்ட ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் நாவல். அம்மையார் தாசிக் குடும்பத்தில் வளர்க்கப்பட்டவர். தாம் கண்டதையே எழுதினார். கலைநோக்கில் குறைகள் பல உண்டு. பாத்திரங்கள் உரையாடுவதைவிடச் சொற்பொழிவாற்றுவதே மிகுதி. (பிரசங்கம் கலந்த கதைகளை நாமும் எழுதியிருக்கிறோமாகையால் இதைப் பெரிதுபடுத்த வேண்டுவதில்லை.) தாசித் தொழிலை விட்டு விலகிய பெண்களே அதனை ஒழிக்க முன்நிற்பதாகக் காட்டியது இந்நூலின் சிறப்பு. எனினும் தலைப்பே ஒரு தீர்ப்பை வழங்கிவிடுகிறது. வலைவீசுபவள் தாசி, அகப்படுபவன் மைனர். சுரண்டப்பட்டவளே சுரண்டுபவளாகத் தோன்றுமாறு கதையின் பாரம் ஒருபுறமாகச் சாய்கிறது.

புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பணி வேறுவகையானது. சட்டசபையில் 1927-இல் தீர்மானம் கொணர்ந்தார். கோயில் ஊழியக் கட்டுப்பாட்டிலிருந்து மானிய நிலங்களை விடுவிக்க 1929-இல் சட்டத் திருத்தம் நிறைவேறச் செய்தார். அடைக்கலம் தேடிவந்த சிறுமியரை விடுதிகள் ஏற்க மறுத்தபோது ஔவை இல்லத்தைத் தொடங்கினார். தேற்றுதலும் பரிந்துபேசுதலும் ஒருவரிடத்தில் இணைந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று நம் நாட்டில் அரிது.

ஆயினும் 1947-ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் பொட்டுக்கட்டுதலை மட்டும் தடுக்கவில்லை. கோயிலில் பெண்கள் ஆடுவதையே குற்றமாக்கிற்று. விராலிமலை அந்நாளில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்து ஊர். 1948-இல் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. அங்குள்ள முருகன் கோயிலில் பணிசெய்த முப்பத்திருவருள் ஒருவர் ஆர். முத்துக்கண்ணம்மாள்; ஏழு வயதில் பொட்டுக்கட்டப்பட்டவர். தாமே பாடித் தாமே ஆடும் சதிரை அவர் பெருமையோடு நினைவுகூர்ந்திருக்கிறார். அவருடைய ஆட்டத்தின் மரபு பரதநாட்டியம் என்னும் புதுப்பெயரோடு நகர மேடைகளில் மதிப்புப் பெற்றது. மதிப்பு ஆட்டத்தைச் சேர்ந்தது, ஆடியவரைச் சேரவில்லை. பத்மஸ்ரீ விருது அவருக்குக் கிடைத்தது 2022-இல்.

ஏழு வயதுக் குழந்தையைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கம் ஒழிந்தது நன்றே; அதில் ஐயத்திற்கு இடமில்லை. நம் வினா வேறு. ஆட்டத்தை இழந்தபின் எதைக்கொண்டு வாழ்வது என்று அப்பெண்களிடம் கேட்டவர் யார்? சட்டத்தை எதிர்த்து மனுக்கள் அளித்த தேவதாசியரும் இருந்தனர். அவர்களின் சொல் பெரும்பாலும் தன்னல வாதமாகவே தள்ளப்பட்டது. பரிந்துபேசுவோர் ஈண்டுத் தவறியது நோக்கத்தில் அன்று, செவிகொடுத்தலில்.

ஆற்றுப்படுத்துதல் என்று நாம் வழங்கும் சொல்லின் பழைய இடத்தை இங்கு நினைவுகூரலாம். புறநானூற்றில் விறலியாற்றுப்படை என்றொரு துறை உண்டு. (விராலி ஒரு செடியின் பெயர்; ஒலி ஒத்தாலும் விறலி வேறு சொல்.) ஆடல்மகளை நேரே விளித்து, அவள் பசியை அறிந்து, போகவேண்டிய இடத்தையும் பெறக்கூடியதையும் சொல்வது அத்துறை. ஔவையாரும் கபிலரும் அதில் பாடியிருக்கின்றனர். ஆற்றுப்படை நூல்கள் பலவற்றில் வழிகாட்டுபவன் அதே வறுமையைக் கடந்து வந்தவன். வள்ளலின் கொடையோடு அது நின்றுவிடுகிறது, உரிமையைப் பேசுவதில்லை என்பது உண்மையே. எனினும் துன்புற்றவளை விளித்துப் பேசும் முறை அதில் உண்டு. அவளைப் பற்றிப் பிறரிடம் பேசுவதோடு அது அமைவதில்லை.

இறையியல் கல்லூரிகளில் ஆற்றுப்படுத்தும் பணிக்குப் பாடத்திட்டம் வகுப்போர் இராமாமிர்தம் அம்மையாரின் நாவலைச் சேர்த்தல் நலம். அதனோடு முத்துக்கண்ணம்மாளின் பேட்டிகளையும் வைத்து, முதலில் பேட்டிகளையும் பின்னர் நாவலையும் மாணவரைப் படிக்கச் செய்யலாம்.