மரக்காலும் விளக்கும்: தமிழ் விவிலியத்தில் ஒரு வீட்டுப்பொருள்

விவிலியத்தில் வரும் விளக்கு, கிணறு, களம், திரிகை, வாசல் முதலிய எளிய பொருள்களும் இடங்களும் தம்மளவில் நில்லாது பிறிதொன்றனைக் குறித்து நிற்றல் யாவரும் அறிந்ததே. இவற்றைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் விளக்கு என்பது மெய்யறிவு, கிணறு என்பது அருள், களம் என்பது தீர்ப்பு என ஒவ்வொன்றற்கும் நேராக ஒரு பொருளை எழுதி அமைவர். அகராதி செய்வார்க்கு அது போதும். இலக்கியம் ஆய்வார்க்குப் போதாது. ஒரு பொருள் மக்கள் கையில் எவ்வாறு புழங்கிற்று என்பதை அறியாதவிடத்து, அஃது எதனைக் குறித்தது என்று துணிதல் அரிது. ஆதலின் ஈண்டு ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு ஆராய்வோம். அது மரக்கால்.

மத்தேயு 5:15இல் விளக்கை ஏற்றுவோர் அதனை எங்கே வைப்பர், எங்கே வையார் என்னும் செய்தி வருகிறது. வையாத இடத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'மோதியோஸ்' என்பது. இஃது இலத்தீனிலிருந்து கிரேக்கம் கடன்கொண்ட உரோமானிய முகத்தலளவைப் பெயர். 9 லிட்டருக்குச் சற்றுக் குறைவானது. மூலத்தில் அச்சொல் சுட்டிடைச்சொல் பெற்று வருதல் நோக்கற்பாலது. ஏதோ ஓர் அளவைக்கலம் அன்று. அவ்வீட்டிலுள்ள அந்த ஓர் அளவைக்கலம் என்க. விளக்கு வீட்டிலுள்ளார் அனைவர்க்கும் ஒளி தரும் என்று தொடர்வதால், அவ்வீடு ஓரறை வீடு என்பதும் பெறப்படும். ஒரு விளக்கு, ஒரு தண்டு, ஒரு மரக்கால் என்ற அளவில் அமைந்த ஏழைக் குடியானவன் இல்லம் அது.

என்றி பவர் தலைமையில் திருத்தப்பெற்று 1871இல் முழுமையாக வெளிவந்த திருப்புதல், இச்சொல்லை 'மரக்கால்' என்றே பெயர்த்தது. 1995இல் வெளிவந்த திருவிவிலியமும் அச்சொல்லையே கொண்டது. ஆயினும் இரண்டற்கும் இடையே சிறியதொரு வேறுபாடு உண்டு. முன்னது மரக்காலால் மூடுதலைச் சொல்ல, பின்னது மரக்காலுக்குள் வைத்தலைச் சொல்லும். மூலம் 'கீழ்' என்னும் பொருளது. நிமிர்ந்த மரக்காலுக்குள் வைத்த விளக்கு கூரைக்காவது ஒளி தரும். கவிழ்த்த மரக்காலின் கீழ் வைத்ததோ ஒளி மறைவதோடு சிறிது பொழுதில் தானும் அவியும். எனவே பழைய திருப்புதலின் 'மூடுதல்' மூலத்தின் கருத்தை நன்கு காப்பது. விளக்கை அணைப்பதற்காகவே அக்காலத்தார் அவ்வாறு கவிழ்த்தனர் என உரைப்பாரும் உளர்.

இனி, மரக்கால் என்னும் பொருளை நோக்குவோம். (சிலம்பில் மாதவி ஆடிய பதினோராடலுள் ஒன்றாகிய மரக்காலாடல் வேறு, மயங்கற்க.) தொண்டைநாட்டில் வழங்கிய மரக்கால் 8 படி கொண்டது, இன்றைய கணக்கில் ஏறத்தாழ 12 லிட்டர். 12 மரக்கால் ஒரு கலம். ஊருக்கு ஊர் அளவு சிறிது வேறுபடும். அவ்வேறுபாடே பல வழக்குகளுக்குக் காரணமாயிற்று. களத்தில் நெல் அளப்போன் 'ஒன்று' என்று தொடங்கான். 'லாபம்' என்றே முதல் மரக்காலை எண்ணுவான். தலை தட்டி அளத்தலும் குவித்து அளத்தலும் வேறு வேறு. கூலிக்கு எது, வாரத்திற்கு எது என்பது அளப்போன் கையில் இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் அளவைக்கு 'ஆடவல்லான்' என்று இறைவன் பெயரே இடப்பட்டிருத்தல் அறிஞர் அறிவர். அளவை பிழையாது என்பதற்கு ஆங்கு இறைவனே பிணை.

ஆகவே மரக்காலுக்கு இருவகைப் பயன் உண்டு. அது கொள்ளும் கலம். அளக்கும் கருவியும் அதுவே. இவ்விரண்டும் ஒரு பொருளில் ஒன்றியிருத்தலே அதன் குறிப்பாற்றலுக்கு அடிப்படை என்பது எம் கருத்து.

இதற்குச் சான்று பழைய திருப்புதலிலேயே கிடைக்கிறது. எபிரேய வேதத்தில் 'எப்பா' என ஓர் அளவை வரும். பெரும்பான்மையோர் மதிப்பின்படி அது சுமார் 22 லிட்டர்; மோதியோசினும் இருமடங்குக்கு மேற்பட்டது. திருப்புதலாசிரியர் சில இடங்களில் எப்பா என்றே நிறுத்தினர். பல இடங்களில் அதனையும் மரக்கால் ஆக்கினர். நீதியான அளவைகளை விதிக்கும் லேவியராகமம் 19:36இல் அது 'சுமுத்திரையான' மரக்கால். முறைப்படி முத்திரை பெற்றது என்பது கருத்து. அவ்விதியின் முடிவில் எகிப்தினின்று மீட்ட இறைவன் தன்னையே சான்றாக நிறுத்துகிறான்; ஆடவல்லான் மரக்காலை அறிந்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. ஆமோஸ் 8:5இல் ஓய்வுநாள் எப்பொழுது கழியும் எனக் காத்திருந்து, மரக்காலைக் குறைத்துப் பதரையும் விற்க முனையும் வணிகர் வருகின்றனர். சகரியா 5இல் தீர்க்கன் காணும் காட்சியில் மரக்கால் ஒன்றின் நடுவே ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அக்கிரமம் என்பது அவள் பெயர். அவளை உள்ளே தள்ளி ஈயத்தால் வாய் மூடிச் சினேயார் நாட்டுக்குக் கொண்டுபோகின்றனர். ரூத் 2:17இலோ, நாள் முழுதும் கதிர் பொறுக்கிய கைம்பெண் அதனைத் தட்டிப் பார்க்கும்பொழுது ஏறத்தாழ ஒரு மரக்கால் வாற்கோதுமை இருக்கிறது.

அளவு நோக்கினால் இது பிழை. 22 லிட்டரையும் 9 லிட்டரையும் ஒரு சொல்லால் சொல்லுதல் கணக்கர்க்கு ஒவ்வாது. ஆயின் இலக்கியம் நோக்கினால் இதனால் விளைந்தது வேறு. மூலத்தில் எபிரேயச் சொல் ஒன்றும் கிரேக்கச் சொல் ஒன்றுமாகப் பிரிந்து கிடந்த இடங்கள் தமிழில் ஒரே பொருளால் கோக்கப்பட்டன. ரூத்தின் மடியை நிறைத்த மரக்கால், வணிகன் குறைத்த மரக்கால், அக்கிரமத்தை அடைத்த மரக்கால் ஆகிய மூன்றையும் கடந்தே தமிழ் வாசகன் மலைப்பொழிவின் மரக்காலுக்கு வருகிறான். அவனுக்கு விளக்கை மூடுவது வெறும் மறைப்பு அன்று; நெல்லும் கணக்கும் கரவும் பழகிய கலம் அது. மாற்கு நற்செய்தியில் 4:21இல் விளக்கும் மரக்காலும் வர, மூன்று வசனம் கழித்து எவ்வளவால் அளக்கிறோமோ அவ்வளவால் அளக்கப்படுவோம் என்னும் கருத்து வருதலும் இவ்வழியில் வைத்து எண்ணத்தக்கது. கிரேக்கத்தில் அவ்விரு சொற்களுக்கும் ஒலியொற்றுமை இல்லை. எனினும் அளவை என்னும் பொருளால் அவை தொடர்கின்றன. இத்தொடர்பை மத்தேயுவுக்கும் ஏற்றி, பொருளீட்டும் கணக்கே ஒளியை மறைக்கிறது என்று மூல ஆசிரியர் கருதினார் எனக் கூறுதல் மிகை. தமிழ் நூல் அவ்வாறு படிக்க இடந்தருகிறது என்ற அளவிலே நிற்றல் வேண்டும்.

இத்தகைய குறிப்பை உள்ளுறை என்று பெயரிட்டு அமைவாரும் உண்டு. அஃது எமக்கு உடன்பாடன்று. தொல்காப்பியர் உள்ளுறைக்குக் கருப்பொருளை நிலைக்களனாகக் கொள்ளும்பொழுது தெய்வத்தை விலக்கினார். விவிலியத்திலோ தெய்வத்தை விலக்கினால் மரக்காலுக்கு முத்திரையும் இல்லை, அதனைக் குறைத்தவனுக்குத் தண்டமும் இல்லை. மேலும் உள்ளுறை ஒரு திணையின் நிலைத்த இயல்பைக் கொண்டு நடப்பது. விவிலியப் பொருளோ நிகழ்ச்சிதோறும் பொருள் ஏறி வளர்வது. தொண்டைநாட்டு ஆழ்வார்களின் விளக்கோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு பின்னும் விளங்கும். காஞ்சியிற் பிறந்த பொய்கையாரும் கடல்மல்லையிற் பிறந்த பூதத்தாரும் தம் அந்தாதிகளை விளக்கேற்றியே தொடங்கினர். முன்னவர் உலகப் பொருள்களாலும் பின்னவர் உள்ளப் பண்புகளாலும் அகல், நெய் என விளக்கின் உறுப்புகளை அமைத்து முற்றுருவகம் செய்தனர். நற்செய்தி விளக்கிற்கு உறுப்பு இல்லை. நெய்யும் திரியும் பேசப்படவில்லை. அதனை எங்கே வைத்தார்கள் என்பது ஒன்றே வினா. ஆழ்வார் விளக்கைச் செய்கின்றனர். நற்செய்தி விளக்குக்கு இடம் தேடுகிறது. அவ்விடத்திற்கு மறுதலையாக நிற்பதனாலேயே மரக்கால் இன்றியமையாததாகிறது.

இப்பொருள் மக்கள் புழக்கத்தினின்று நீங்கினால் குறிப்பு என்னாகும் என்பதற்கு அதே தொண்டைநாட்டில், காஞ்சிக்கு வடகிழக்கே, ஓரிடம் உண்டு. இராமானுசர் பிறந்த திருப்பெரும்பூதூர் தொடங்கி ஒரகடம் வழியாகச் செல்லும் பகுதி முன்னாளில் ஏரிப்பாசன ஊர்களால் அமைந்தது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தி தொடங்கிற்று. 2010இல் ஒரகடத்தில் மற்றொரு பெரிய கார் ஆலை திறக்கப்பெற்றது. வல்லம், வடகால் ஆகிய ஊர்களின் பெயர்களை இன்று தொழிற்பூங்காக்கள் தாங்குகின்றன. நெல்வயல் முற்றும் நீங்கிற்றிலது. ஆயின் அறுவடையை எந்திரம் செய்ய, அரசின் கொள்முதல் நிலையம் நெல்லை 40 கிலோ மூட்டையாக நிறுத்து வாங்குகிறது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் 1958 முதல் படிப்படியாக மெட்ரிக் அளவைகள் வந்தபொழுதே மரக்கால் அரசின் ஏற்பை இழந்தது. களமும் சுருங்கியபின் வீட்டு மூலையையும் இழந்தது. பல மாவட்டங்களிலிருந்து வந்து இங்கே வாடகை அறைகளில் தங்கிப் பணிபுரியும் இளைஞர் பலர்க்கு மரக்கால் என்பது நூலில் மட்டும் காணும் சொல்.

ஆயினும் ஒன்று கூறுதல் வேண்டும். இவ்வாலைகளில் உறுப்புகளைச் சோதிக்கும் 'கேஜ்' என்னும் கருவி ஒவ்வொன்றற்கும் காலந்தோறும் அளவு சரிபார்த்து, அடுத்துச் சரிபார்க்கவேண்டிய நாளைக் குறித்துச் சீட்டு ஒட்டுவர். அந்நாள் கடந்த கருவியால் அளந்தது செல்லாது. 'சுமுத்திரை' என்பதன் பொருளை அகராதி புரட்டி அறியும் நம் முதுகலை மாணவரினும் அக்கருவியைக் கையாளும் தொழிலாளி விரைந்து உணர்வான் என்பதில் ஐயமில்லை. லேவியராகமமும் ஆமோசும் ஒரகடத்தில் உயிரோடு இருக்கின்றன என்றே சொல்லலாம். ஆனால் கேஜ் எதனையும் கொள்ளாது. அதனால் விளக்கை மூட முடியாது. அதனில் ஒரு பெண்ணை அடைக்கவும் ரூத்தின் வாற்கோதுமையைப் பெய்யவும் இயலாது. மரக்காலின் இரு பயனுள் அளத்தல் ஆலைக்குச் சென்றது. கொள்ளுதல் சமையலறைப் பாத்திரத்தோடு நின்றுவிட்டது.

ஆகவே எளிய தமிழில் பெயர்ப்போர் மரக்காலை நீக்கிப் 'பாத்திரம்' என்றெழுத விரும்புதல் இயல்பே. அதனால் மூடுதல் விளங்கும், அளத்தல் அழியும். ஆமோசிலிருந்து மத்தேயு வரை ஓடிய இழையும் அறும். அச்சொல்லை நிறுத்தி அடியில் உரை எழுதுவதே தக்கது. தம் காலத்தில் வழக்கற்ற அணிகளையும் கருவிகளையும் அடியார்க்குநல்லார் விளக்கிச் சென்றமையால் அன்றோ நாம் சிலம்பைப் படிக்கிறோம்? தமிழ் விவிலியத்திற்குச் சமய விளக்கங்கள் மிகுதி. பொருள்களை விளக்கும் இத்தகைய இலக்கிய உரைக்கு நம் துறைகள் காட்டிய ஊக்கம் குறைவு.

பாத்திரம் என்னும் மாற்றம் இக்காலத்தார் கண்டதன்று என்பதையும் குறித்தல் வேண்டும். லூக்கா தம் 8:16இல் மோதியோசை விட்டுப் பொதுவாகக் கலம் என்றே எழுதினார். 11:33இல் அவ்வளவைப் பெயர் வருகிறது எனினும் சில பழஞ்சுவடிகளில் அத்தொடர் இல்லை. விளக்கின் அருகே அளவையை நெகிழவிட்ட அதே லூக்காதான், 6:38இல் அமுக்கிக் குலுக்கிச் சரிந்து விழும்படி மடியில் இடப்படும் அளவை விரித்துரைக்கிறார். களத்தில் தலை தட்டாது குவித்து அளக்கும் கையின் செயல் நான்கு நற்செய்திகளுள் அவர் நூலில்தான் இவ்வளவு நுட்பமாகப் பதிவாகியுள்ளது.